உயரம் இறக்கிய மோட்டார் காரும் சக்கர ஒழுங்கும்

ஏர், எரு, விதை, இறைப்பு யந்திரம் முதலியவற்றைப் பற்றியே இப்பக்கங்களில் படித்துப் பழகிய வாசகர்கள், மோட்டார் காரின் சக்கரங்களைப் பற்றி இங்கே எழுதுவானேன் என்று கேட்கலாம். திருவள்ளூர் ஜில்லாவின் இன்றைய நிலைமையே அதற்கு விடையாகும். பொன்னேரி, ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டி தாலுகாக்களில் நெல், வேர்க்கடலை, காய்கறி பயிரிடும் குடும்பங்கள் பலவற்றில் ஒரு பிள்ளை வயலைப் பார்த்துக்கொள்ள, மற்றொரு பிள்ளை கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ தேர்வாய்கண்டிகையிலோ ஆலை வேலைக்குப் போய் வருகிறான். வீட்டிலுள்ள ஒரே கார் விடியற்காலையில் காய்கறி மூட்டையைச் சந்தைக்குக் கொண்டுபோகிறது. பிறகு ஆலைக்குப் போகிறது. மாலையில் பெரியவர்களை ஆஸ்பத்திரிக்கோ தாலுகா ஆபீசுக்கோ கொண்டுபோகிறது. இவ்வாறு உழைக்கும் வண்டியும் உழவு மாட்டைப் போலவே பராமரிப்புக்கு உரியதாகும்.

வாலிபர்களிடையே காரின் உயரத்தை இறக்கிக்கொள்ளும் வழக்கம் பரவியிருக்கிறது. பழைய கார் வாங்குவோரும், முந்திய சொந்தக்காரர் உயரம் இறக்கிய வண்டியை அறியாமலே வாங்கிவிடுகின்றனர். அத்தகைய வண்டியில் புதிய டயரின் உட்புற விளிம்பு சில மாதங்களுக்குள் மொட்டையாகி, உள்ளிருக்கும் நூல் தெரியும் நிலைக்கு வந்துவிடுவதுண்டு. வெளிப்புறம் புதிதுபோல் இருப்பதால் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை. நெடுஞ்சாலையில் வேகமாய்ப் போகும்போது வெடித்த பின்னரே தெரிகிறது. உயரம் குறைந்தால் சக்கரங்களின் கோணங்கள் ஏன் மாறுகின்றன, அவற்றை எம்முறையில் திருத்துவது, எவ்விடத்தில் நிறுத்திக்கொள்வது என்பவற்றை இக்கட்டுரையில் விளக்குவோம்.

1. வழக்கம் வந்த வழி

உயரம் இறக்குதல் பந்தயக் கார்களிலிருந்து வந்த வழக்கம். இதை அறிய நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. செங்குன்றத்திற்கு வடக்கே, கல்கத்தா சாலையை ஒட்டியுள்ள சோழவரத்தில், இரண்டாம் உலக யுத்த காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. 1950களிலிருந்து 1980களின் இறுதிவரை மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் அங்கே பந்தயங்களை நடத்தி வந்தனர். பின்னர், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் பந்தயப் பாதை அமைந்து, 1990 முதல் பந்தயங்கள் அங்கே நடைபெறலாயின.

பந்தயக்காரர் உயரத்தை இறக்குவதற்குக் காரணம் உண்டு. வண்டியின் கனம் தரைக்கு அருகில் இருந்தால், திருப்பத்தில் அது ஒரு பக்கமாய்ச் சாய்வது குறையும். சக்கரங்கள் தரையைப் பற்றும் வன்மை மிகும். ஆனால் மூன்று விஷயங்களை மறந்துவிடலாகாது. ஓடுதளம் சமதரை, அதில் வேகத்தடையோ மடை குறுக்கிட்ட பள்ளமோ இல்லை. பந்தய வண்டியின் சக்கரக் கோணங்களை ஓட்டத்திற்கு முன் அளந்து திருத்துவது வழக்கம். பந்தய டயர் சில நாட்களில் தேய்ந்தாலும் அவர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. இம்மூன்றும் நம் கிராமச் சாலைக்குப் பொருந்தா. பந்தய வண்டியின் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்கள் செய்யும் அளவையை விட்டுவிடுவதே நஷ்டத்திற்கு மூலம்.

2. மூன்று கோணங்கள்

சக்கர ஒழுங்கு என்பது மூன்று கோணங்களைச் சரிசெய்தலேயாகும். பட்டறைகளில் இவை கேம்பர், கேஸ்டர், டோ என்று வழங்குகின்றன.

கேம்பர் என்பது சக்கரத்தின் நிமிர்வு. வண்டியின் முன்னே நின்று பார்க்கையில், சக்கரம் சுவர்போல் நேராக நிற்கிறதா, தலைப்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கிறதா, வெளியே சாய்ந்திருக்கிறதா என்பதை இது குறிக்கும். உள்ளே சாய்ந்தால் நெகடிவ் கேம்பர் என்றும், வெளியே சாய்ந்தால் பாசிடிவ் கேம்பர் என்றும் மெக்கானிக்குகள் சொல்வர்.

கேஸ்டர் என்பது முன் சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு. சைக்கிளின் முன் கவை நேரே கீழிறங்காமல், மேற்புறம் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதைக் காண்கிறோம். அச்சாய்வு இருப்பதாலேயே ஓடும் சைக்கிள் தானே நேர்வழியை நாடுகிறது. திருப்பிய பின் ஸ்டியரிங் தானாக நடுநிலைக்குத் திரும்புவதற்கும் இதுவே முக்கியமான காரணம்.

டோ என்பது, மேலிருந்து பார்க்கையில், இரு சக்கரங்களும் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றனவா என்பது. முன்புற விளிம்புகள் நெருங்கியிருந்தால் டோ-இன், விலகியிருந்தால் டோ-அவுட். ஒரே நுகத்தில் பூட்டிய இரு மாடுகளில் இடத்து மாடு வலப்பக்கமும் வலத்து மாடு இடப்பக்கமும் நெருக்கிக்கொண்டே நடந்தால், ஏர் நேராகப் போவது போலத் தோன்றினும், மாடுகளின் பலத்தில் ஒரு பங்கு வீணாகும், கழுத்தும் புண்ணாகும். டோ தவறிய சக்கரங்களின் நிலை இதுவே.

மூன்றனுள் டயரை மிக விரைவில் தின்பது டோ. கேம்பர் தவறினால் டயர் ஒரு விளிம்பில் தேயும். இரண்டும் சேர்ந்து தவறினால் டயர் நிலைக்காது. கேஸ்டர் தவறுவது டயரை அவ்வளவாகப் பாதியாது. ஓட்டுபவரின் கைக்கும் வண்டியின் நேரோட்டத்திற்குமே அது கேடு.

3. உயரம் குறைந்தால் நேர்வது

இதை விளங்கிக்கொள்ள ஏற்றத்தை நினைத்துக்கொள்க. ஏற்றத்தின் துலா ஓரிடத்தில் மாட்டப்பட்டு மேலும் கீழும் ஆடுகையில், அதன் நுனி செங்குத்தாக ஏறி இறங்குவதில்லை. வளைந்த வழியிற் செல்கிறது. துலா சமநிலையில் இருக்கும்போது நுனி தூணிலிருந்து மிகத் தூரத்தில் இருக்கும். மேலே ஏறினாலும் கீழே இறங்கினாலும் தூணை நோக்கி உள்வாங்கும்.

இக்காலத்துச் சிறிய கார்களிற் பெரும்பாலானவற்றில், முன் சக்கரத்தின் அடிப்பாகத்தை லோயர் ஆர்ம் என்னும் கரம் பற்றியிருக்கிறது. மேற்பாகத்தை ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட் தாங்குகிறது. இந்த லோயர் ஆர்ம் ஒரு சிறு துலாவே. வண்டி தன் இயல்பான உயரத்தில் நிற்கையில், அதன் வெளிநுனி சற்றுத் தாழ்ந்திருப்பது வழக்கம். உடலை இறக்கினால் அந்நுனி உடலைப் பார்க்க மேலேறிச் சமநிலையை நெருங்கும். அதாவது வெளியே தள்ளப்படும். சக்கரத்தின் அடி வெளியே போகத் தலை உள்ளே சாயும். உயரம் இறக்கிய வண்டியில் நெகடிவ் கேம்பர் மிகுவது இதனாலேயாம். மேலும் இறக்கிக் கரம் சமநிலையைக் கடந்துவிட்டால், நுனி மீண்டும் உள்வாங்கும். அப்பொழுது திருப்பத்தில் சக்கரம் தரையைச் சரியாகப் பற்றாது. பந்தயத்திற்குப் பயன்பட்ட இறக்கமே அளவு மீறியதும் பந்தயத்திற்கும் ஆகாதென்று இதனால் விளங்கும்.

இனி டோ. சக்கரத்தைத் திருப்புவதற்கு டை ராடு என்னும் மற்றொரு கம்பி உண்டு. அதுவும் ஒரு துலாவே. உற்பத்தியாளர், தாம் வகுத்த உயரத்தில் லோயர் ஆர்மின் நுனியும் டை ராடின் நுனியும் ஏறக்குறைய ஒரே வளைவில் ஏறி இறங்கும்படி அமைத்திருக்கிறார். உயரம் குறைந்தால் இவ்விரண்டின் வளைவுகளும் பிரிந்து, ஒன்று அதிகமாகவும் மற்றொன்று குறைவாகவும் நகரும். அந்த வித்தியாசம் சக்கரத்தைத் திருப்பிவிடும். எந்தப் பக்கம் திருப்பும் என்பது, ஸ்டியரிங் ராக் அச்சுக்கு முன்னே இருக்கிறதா பின்னே இருக்கிறதா என்பதையும் வண்டியின் அமைப்பையும் பொறுத்தது. ஆகையால் இதனை ஊகிக்காமல் அளந்தே அறிதல் வேண்டும். ஸ்பிரிங்கை மாற்றிவிட்டு, ஸ்டியரிங் நேராகத்தான் நிற்கிறது, ஒன்றும் கெடவில்லை என்று சொல்வது தவறு. இரு சக்கரங்களும் சமமாகத் தவறினால் ஸ்டியரிங் நேராகவே நிற்கும்.

4. தவறின் கணக்கு

15 அங்குல ரிம்மின் குறுக்களவு 381 மில்லிமீட்டர். ரிம்மின் முன் விளிம்பிலும் பின் விளிம்பிலும் அளக்கையில் 1 மி.மீ. வித்தியாசம் இருந்தால், கோணம் சுமார் 0.15 பாகை. இது அற்பமாகத் தோன்றும். ஒரு சக்கரத்திற்கு 1.5 மி.மீ. டோ இருப்பதாக வைத்துக்கொள்வோம். 381 மி.மீ. முன்னே போவதற்குள் அச்சக்கரம் 1.5 மி.மீ. பக்கவாட்டில் போக விரும்புகிறது; வண்டி அதனை நேரே இழுக்கிறது. இக்கணக்கின்படி கிலோமீட்டர் ஒன்றுக்குச் சுமார் 4 மீட்டர் தூரம் டயர் பக்கவாட்டில் தேய்க்கப்படுவதற்கு ஒப்பாகும். கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்கு 45 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 180 மீட்டர். ஒரு மாதப் போக்குவரவைக் கணக்கிட்டால், டயர் எங்கே போயிற்று என்பது தானே விளங்கும்.

டயரைக் கையால் தடவியே டோ தவறியதை அறியலாம். வண்டி நின்று டயர் ஆறிய பின், உள்ளங்கையை டயரின் குறுக்கே வெளியிலிருந்து உள்ளேயும், பிறகு உள்ளிருந்து வெளியேயும் நகர்த்துக. நூல் வெளிப்பட்ட டயராயின் கை வைக்கலாகாது. ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் அரத்தைப் போலவும் உணர்ந்தால் டோ தவறியிருக்கிறது. வெளியிலிருந்து உள்ளே வருகையில் வழவழப்பாயும், உள்ளிருந்து வெளியே போகையில் சொரசொரப்பாயும் இருந்தால் டோ-இன் மிகுதி. அதற்கு மாறானால் டோ-அவுட் மிகுதி. அரம் போன்ற உணர்ச்சியின்றி உள்விளிம்பு மட்டும் சமமாய்த் தேய்ந்திருப்பின் கேம்பரைச் சந்தேகிக்க வேண்டும்.

5. அளக்குமுன் செய்யவேண்டியவை

களையெடுக்காத வயலில் எருவிட்டுப் பயனில்லை. அதுபோல, தேய்ந்த உறுப்புகளை வைத்துக்கொண்டு கோணத்தைத் திருத்துவதாற் பயனில்லை. முதலில் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க.

(அ) நான்கு டயர்களிலும் காற்றை, கதவின் தூணில் ஒட்டியுள்ள சீட்டிற் கண்டபடி நிரப்புக. ஒரே அச்சிலுள்ள இரு டயர்களும் ஒரே அளவும் ஒத்த தேய்மானமும் உடையனவாய் இருத்தல் வேண்டும்.

(ஆ) முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டு வைத்துத் தாங்கிய பின், சக்கரத்தை மேலும் கீழும், இடமும் வலமுமாக ஆட்டிப் பார்க்க. ஆட்டம் இருப்பின் பால் ஜாயிண்டு, டை ராடு முனை, பேரிங் இவற்றில் எது தேய்ந்ததென்று கண்டு மாற்றுக.

(இ) ஸ்பிரிங் மாற்றிய வண்டியானால், லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்களைப் பிடிக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியை நான்கு சக்கரத்திலும் நிற்கவிட்டு, அந்நிலையிலேயே முறுக்குதல் வேண்டும். சக்கரம் தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் எப்பொழுதும் முறுக்குண்ட நிலையிலிருந்து சீக்கிரம் கிழியும். வண்டியின் உயரமும் உண்மையளவில் நில்லாது.

(ஈ) ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்து அதற்கு நேர் மேலேயுள்ள மட்கார்டின் விளிம்புவரை அளந்து, நான்கு அளவுகளையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்க. இடமும் வலமும் சிறிதும் ஒவ்வாதிருந்தால், ஸ்பிரிங் சரியாக உட்காரவில்லை அல்லது வலுவிழந்துவிட்டது என்று பொருள். அதைத் திருத்தியபிறகே மேலே செல்க. இக்குறிப்பு பிற்காலத்தில் மிகவும் உதவும். அடுத்த வருஷம் அளந்து பார்க்கையில் உயரம் குறைந்திருந்தால், கோணமும் மாறியிருக்கும் என்று அறியலாம்.

6. அளந்து திருத்தும் முறை

சர்வே வேலையை அறிந்த கிராம உத்தியோகஸ்தர்களுக்கு இதன் தத்துவம் எளிதில் விளங்கும். மூலக்கோடு சரியானால்தான் புலப்படம் சரியாகும். இங்கே மூலக்கோடு ஒரு நூல்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சாதாரணமாய் ஏறும் பாரத்தை ஏற்றி, ஸ்டியரிங்கை நேராகக் கட்டி நிறுத்துக. முன்சக்கரங்களின் கீழ், நடுவே கிரீஸ் தடவிய இரண்டிரண்டு தகரத் தகடுகளை வைத்தால், சக்கரம் தரையில் சிக்காமல் தன் இயல்பான நிலையில் அமரும். வண்டியை முன்னும் பின்னும் சில முறை அமுக்கிவிட்டு நிலைக்க விடுக.

இரு பக்கமும் சக்கர மைய உயரத்தில் ஒவ்வொரு நூலை முனைக்கு முனை இழுத்துக் கட்டுக. இரு நூல்களுக்கும் இடையேயுள்ள தூரம் முன்னும் பின்னும் ஒன்றாயிருத்தல் வேண்டும். முன் சக்கர மையங்களிலிருந்து இடநூலும் வலநூலும் சமதூரத்திலும், அவ்வாறே பின் சக்கர மையங்களிலிருந்து சமதூரத்திலும் இருத்தல் வேண்டும். முன் அச்சும் பின் அச்சும் அகலத்தில் வேறுபடுமாதலால், முன் அளவும் பின் அளவும் ஒன்றாக இருக்கவேண்டுமென்பதில்லை.

இப்பொழுது நூலிலிருந்து ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் அளக்க. முன்னளவு 152 மி.மீ., பின்னளவு 150.5 மி.மீ. என்றால், அச்சக்கரத்திற்கு 1.5 மி.மீ. டோ-இன். ரிம் வளைந்திருக்கக்கூடுமாதலால், வண்டியை அரைச் சுற்று நகர்த்தி மறுபடியும் அளந்து சராசரியைக் கொள்க. கேம்பரை அளக்கக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். மேலே இருந்து தொங்கும் நூலுக்கும் ரிம்மின் மேல் விளிம்புக்கும், நூலுக்கும் கீழ் விளிம்புக்கும் உள்ள தூரங்களின் வித்தியாசம் 15 அங்குல ரிம்மில் சுமார் 6½ மி.மீ. இருந்தால், அது 1 பாகைச் சாய்வாகும்.

திருத்தும் வரிசை மிகவும் முக்கியம். பின் சக்கரங்களைத் திருத்த இடமுள்ள வண்டியானால் முதலில் பின்பக்கம், பிறகு முன்பக்கம். முன்பக்கத்தில் முதலில் கேம்பர், அடுத்துக் கேஸ்டர், கடைசியில் டோ. கேம்பரைத் தொட்டால் டோ மாறிவிடும். டோவைத் தொட்டால் கேம்பர் அநேகமாய் மாறுவதில்லை. வரிசையை மாற்றிச் செய்தவன் இரண்டு முறை உழுதவனாவான்.

சிறிய கார்கள் பலவற்றில் கேம்பரைத் திருத்த உற்பத்தியாளர் இடம் வைக்கவில்லை. அப்படிப்பட்ட வண்டியில், ஸ்ட்ரட்டையும் சக்கரப் பாகத்தையும் இணைக்கும் போல்ட்டுக்குப் பதிலாக, அவ்வேலைக்கென்றே செய்த கேம்பர் போல்ட்டைப் போட்டுச் சிறிதளவு நிமிர்த்தலாம். துளையை அரத்தால் ராவி அகலப்படுத்துவது அபாயமான காரியம். இருபக்கமும் கேம்பர் ஒத்திருப்பது அவசியம்; அரைப் பாகைக்கு மேல் வேறுபட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

டோவைத் திருத்த, டை ராடின் லாக் நட்டைத் தளர்த்தி, கம்பியைத் திருகுதல் வேண்டும். ராக் அச்சுக்குப் பின்னே இருந்தால் கம்பியை நீட்டுவதால் டோ-இன் கூடும். முன்னே இருந்தால் டோ-அவுட் கூடும். இரு பக்கமும் சம அளவு திருகினால்தான் ஸ்டியரிங் கோணலாகாது. கால் சுற்றே பெரிய மாறுதலை உண்டாக்குமாதலால், சிறிது சிறிதாகத் திருகி, ஒவ்வொரு முறையும் வண்டியை நகர்த்தி நிலைக்கவிட்டு அளக்க. முன்சக்கரம் இழுக்கும் கார்கள் பலவற்றில் டோவின் அளவு பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். எனினும் வண்டியின் கையேட்டிற் கண்ட அளவே பிரமாணம்.

முடிந்தபின் லாக் நட்டை மறவாமல் முறுக்கி, நேரான சாலையில் ஓட்டிப் பார்க்க. நம் சாலைகள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்திருப்பதால், இடப்பக்கம் ஓடும் வண்டி சற்றே இடப்பக்கம் நாடுவது இயல்பு. அதைக் குறையென்று எண்ணிக் கோணத்தைக் கெடுக்கலாகாது. புதிய ஸ்பிரிங்குகள் அமர்ந்துகொள்ளச் சில காலம் ஆகுமாதலால், சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுமுறை அளப்பது இன்றியமையாதது.

7. யந்திரச் சீட்டைப் படிக்கும் வகை

கேமரா வைத்த யந்திரங்களால் அளக்கும் கடைகள் இப்பொழுது நெடுஞ்சாலை ஓரமெங்கும் உள்ளன. நூலைவிட அவை விரைவானவை, நுட்பமானவை. ஆயினும், யந்திரத்தில் ஏற்றியுள்ள அளவுகள் உற்பத்தியாளர் வகுத்த உயரத்திற்கு உரியவை. ஆகையால் கடைக்காரரிடம் வண்டியின் உயரம் இறக்கப்பட்டதென்பதை முதலிலேயே சொல்லுதல் வேண்டும். வேலைக்கு முன் எடுத்த சீட்டு, பின் எடுத்த சீட்டு ஆகிய இரண்டையும் கேட்டு வாங்குக. டோ மட்டும் பச்சையாகவும் கேம்பர் சிவப்பாகவும் இருந்தால், வேலை முடியவில்லை; அல்லது அந்த உயரத்தில் முடிக்க இயலாது என்று பொருள். ஒன்று முதல் ஒன்றரைப் பாகைவரை இருபக்கமும் சமமான உட்சாய்வும், சரியான டோவும் இருந்தால், டயர் ஓரளவு தாங்கும். அதற்கு மேற்பட்டால் உயரத்தையே கூட்டுவது அறிவுடைமை. ஸ்டியரிங்கின் கோணத்தை மின்சாரத்தால் அறியும் புதிய வண்டிகளில், அவ்வுறுப்பையும் நேர்நிலைக்குப் பதிய வைக்கும்படி கேட்க வேண்டும்.

8. எவ்விடத்தில் நிறுத்துவது

ஸ்பிரிங்கின் சுருளை அறுத்து உயரம் இறக்குவது சிலரின் வழக்கம். இதனால் மூன்று கேடுகள் உண்டு. முதலாவது, ஸ்பிரிங்கின் கடினம் சுருள்களின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதமானது. 6 சுருள்கள் வேலைசெய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை அறுத்தால் கடினம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். பழைய ஷாக் அப்சார்பர் அதை அடக்க மாட்டாது. இரண்டாவது, அறுத்த முனை தன் இருக்கையில் சரியாக அமராது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஸ்பிரிங் இடம்விட்டு நகரக்கூடும். மூன்றாவது, நெருப்பால் காய்ச்சி அமுக்கினால் எஃகின் பதம் போய்விடும். பிறகு அது நாளுக்கு நாள் தாழ்ந்துகொண்டே வரும். நேற்று திருத்திய கோணம் இன்று நில்லாது.

தரை இடைவெளியையும் எண்ணிப் பார்க்க. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் உடையது. நம் கிராமங்களில் இருப்பவை அகலம் குறைந்து, செங்குத்தாக எழும்பியவை. 17 செ.மீ. இடைவெளியுள்ள கார் 5 செ.மீ. இறங்கினால் மிச்சம் 12 செ.மீ. நால்வர் ஏறி, வண்டி ஒரு முறை குனிந்தால், அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி தடையில் மோதும். மழைக்காலத்தில் ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் பாங்கான ஊர்களில் சாலை அரித்துப் பள்ளமாவதை நாம் ஒவ்வொரு வருஷமும் காண்கிறோம். ஒரு மோதலில் லோயர் ஆர்ம் வளைந்தால், எத்தனை முறை திருத்தினாலும் கோணம் நில்லாது.

சட்டத்தையும் அறிந்திருப்பது நலம். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலிற் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அதே வருஷத்துத் திருத்தச் சட்டம், அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க இடமளிக்கிறது. ஆகவே, பணம் செலவழிக்குமுன் வட்டாரப் போக்குவரத்து ஆபீசில் எழுத்து மூலம் கேட்டறிவதே நன்று. கிராம உத்தியோகஸ்தர்கள் தம்மிடம் யோசனை கேட்கும் வாலிபர்களுக்கு இதனை எடுத்துச் சொல்வார்களாக.

9. சுமையும் ஓர் இறக்கமே

காரின் உயரத்தை நான் தொட்டதே இல்லை, எனக்கு இக்கட்டுரை எதற்கு என்று எண்ணுவோருக்கு ஒரு வார்த்தை. பின் இருக்கையை மடித்துக் காய்கறி மூட்டைகளை அளவுமீறி ஏற்றினால், பின்பக்கம் தாழ்கிறது, முன்பக்கம் எழும்புகிறது. அதுவும் உயரம் மாறுதலேயாகும். கேஸ்டர் மாறும், முன்டயர்கள் தரையை அழுத்துவது குறையும், விளக்கின் ஒளி மேலெழுந்து எதிரே வருவோர் கண்ணைக் கூசச் செய்யும். நாள்தோறும் இவ்வாறு சுமந்தால் ஸ்பிரிங்குகள் வலுவிழந்து, சுமை இறங்கிய பின்னும் வண்டி தாழ்ந்தே நிற்கும். காசு கொடுத்து உயரம் இறக்கிய வண்டிக்கும் அதற்கும் கோணத்தில் வேற்றுமையில்லை. அத்தகைய வண்டிக்கு முதலில் ஸ்பிரிங்கை மாற்றி உயரத்தை மீட்க வேண்டும். பின்னரே சக்கர ஒழுங்கு.

பழைய கார் வாங்குவோர் ஸ்டியரிங்கைக் கோடிவரை திருப்பி, முன்டயர்களின் உள்விளிம்பைப் பார்த்த பிறகே விலை பேசுக. நான்கு உயரங்களையும் அளந்து, அதே இனத்தைச் சேர்ந்த மாறுதல் செய்யாத வண்டியோடு ஒப்பிட்டுப் பார்க்க. டயரின் பள்ளம் 1.6 மி.மீ.க்குக் குறைந்தால் அந்த டயர் சாலைக்கு உதவாது. இப்பள்ளத்தை நடுவில் மட்டும் பார்க்காமல் இரு விளிம்புகளிலும் பார்த்தல் வேண்டும்.

சுருங்கச் சொல்லின், உயரம் மாறினால் கோணம் மாறும். ஆகையால் வண்டி எந்த உயரத்தில் ஓடப்போகிறதோ அந்த உயரத்தில் நிறுத்தியே அளக்க வேண்டும். கேம்பரை முதலிலும் டோவைக் கடைசியிலும் திருத்த வேண்டும்; சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுமுறை பார்க்க வேண்டும்; திருத்தத்திற்கு அடங்காத அளவு இறங்கிய வண்டியை உயர்த்திவிட வேண்டும். மாட்டுக்கு லாடம் கட்டுகையில் குளம்பைத் தூக்கிப் பார்க்காத குடியானவர் இல்லை. குடும்பத்தையும் விளைபொருளையும் சுமந்து நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியின் சக்கரத்தையும் மாதம் ஒருமுறை அவ்வாறே குனிந்து பார்ப்பாராயின், டயர்ச் செலவு மிச்சமாவதுடன், பெருந்துன்பம் நேராமலும் காத்துக்கொள்வார்.